யாரும் குடிக்காத ஐந்து கோடு

எந்தச் சேதியைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் வார்த்தை "அப்பால?" என்பதுதான். லாரி வந்துவிட்டது என்றால் "அப்பால?" மூன்றாம் மாடியில் குழாய் வறண்டு கிடக்கிறது என்றால் "அப்பால?" சொன்னவர் எரிச்சலோடு "அவ்வளவுதான்" என்றால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பார். இரண்டாவது சேதி வரும்வரை அசையமாட்டார். முதலில் சொன்னதையே திருப்பிச் சொன்னால், "ஒரே சேதிய ரெண்டு வாட்டி சொன்னா ரெண்டு சேதி ஆயிடுமா?" என்பார்.

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு ஐந்து மாடி, இருபத்தைந்து வீடு. படிக்கட்டு பெருக்குவது, மோட்டார் போடுவது, காலையில் வரும் லாரித் தண்ணீரைத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் இறக்கிக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. மோட்டாரம்மா என்பார்கள். என்னை 'சார்' என்பார். அதே மூச்சில் 'நீ' என்பார். இரண்டையும் மரியாதையாகத்தான் சொன்னார் என்பது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். குறிப்பாணை, விளக்கம் கோரல், உள்விசாரணை, இறுதி ஆணை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தவறாமல் சொல்வேன். வரிசை தவறாமல் எத்தனை பேரை வெளியே அனுப்பினாய் என்று யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. நானாகவே எழுந்துவிடுகிறேன். ஓய்வு பெற்று இங்கே வந்த ஆறாம் மாதமே என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாருக்கும் நேரமில்லை என்பது அதற்கான தகுதி.

அவருடைய இன்னொரு பழக்கம் எனக்குத் தெரிய வந்தது ஒரு குடியரசு தினத்தன்று. கொடியேற்றத்துக்கு எழுபது காலை உணவுப் பொட்டலம் சொல்லியிருந்தோம். பொங்கல் பொட்டலம் என்றால் ஒரு வடை, இட்லிப் பொட்டலம் என்றால் இரண்டு வடை. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காகிதத்தில் கட்டி அனுப்பிவிட்டார். எது எத்தனை என்று போனில் கேட்டால், "அது தெரியாது சார், வடை மட்டும் கரெக்டா நூறு போச்சு" என்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுக் காகிதத்தில் 'பொங்கல் பொட்டலங்களின் எண்ணிக்கை எக்ஸ் என்க' என்று எழுத ஆரம்பித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாம் பொங்கல்னு வெச்சுக்கோ சார். எழுவது பொட்லம், எழுவது வடை. நூறு வந்துகீது. முப்பது வடை மிச்சம். அந்த முப்பதும் இட்லி ஜாதி."

"அப்போ பொங்கல்?"

"நாப்பது. கொடிய ஏத்து சார், ஆறிடப் போவுது."

நான் ஒய்யின் மதிப்பைக் கண்டுபிடித்தபோது தேசிய கீதம் முடிந்திருந்தது. விடை முப்பதுதான்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர் அவர் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. எனக்கு அது விளங்கவில்லை, கேட்டேன்.

"வெட எல்லாம் கரீட்டு சார். படி போடல. படி இன்னாத்துக்கு? இத்தினி தல, இத்தினி காலு, கோயி எத்தினி முயலு எத்தினின்னு கேப்பான். எல்லாம் கோயின்னு வெச்சுக்கினா முயலு தானா வந்து நிக்குது. அத்த எப்டி எழுதறது? பாத்து எழுதிட்டன்னு மார்க்கு குடுக்கல."

"படி போட்டால்தானே திருத்துகிறவருக்குப் புரியும்?"

"அவுருக்குப் புரியலன்னா நான் ஃபெயிலா?"

நான் சிரித்தேன். திருத்துகிறவர்களின் கட்சியில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

ரசிக்கக்கூடியதாக மட்டுமே இருந்திருந்தால் நல்லது. பொட்டலத்தோடு நிற்கவில்லை அந்தப் பழக்கம். சங்கத் தலைவருக்கு மூன்றாம் மாடியில் இன்னொரு வீடு உண்டு. அதை வாடகைக்கு விட்டிருந்தார். மூன்று பேர் குடியிருப்பதாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் வாசலில் நான்கைந்து பேர் நிற்கும்போது மோட்டாரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "அங்க ஏழு பேரு கீறாங்க. கதவாண்ட பதினோரு ஜோடி காலுக்குப் போடறது. ஹெல்மெட்டு நாலு, அப்போ ஆபீஸ் போறவன் நாலு. ஆபீஸ் போறவனுக்கு ஷூ ஒண்ணு, செருப்பு ஒண்ணு. மத்தவனுக்கு செருப்பு மட்டுந்தான். நாலு கழிச்சா ஏழு தல."

ஏழுதான். தலைவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனத்தில் நல்ல வேலை, சிரித்த முகம். அன்றும் சிரித்தார். "மோட்டாரம்மாவுக்கு நம்ம கம்பெனியிலயே வேலை போட்டுக் கொடுத்தரலாமுங்க" என்றார். அதற்குப் பிறகு மோட்டாரம்மா வாசலைப் பெருக்கும்போது பலர் செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்தேன். என் வீட்டில் மறைக்க எதுவும் கிடையாது. ஆனாலும் வைத்தேன்.

சம்ப்பை அளக்க அவரிடம் ஒரு கழி இருந்தது. பழைய பிளாஸ்டிக் குழாய். அதில் நகச்சாயத்தால் முப்பது சிவப்புக் கோடுகள். லாரித் தண்ணீர் பன்னிரண்டாயிரம் லிட்டர் முழுதாக இறங்கினால் முப்பது கோடு ஏறும். மறுநாள் காலைக்குள் முப்பதும் இறங்கிவிடும். இதைத்தான் பதிவேட்டில் எழுதி வந்தார்: 'முப்பது கோடு'. நான் செயலாளரானதும் செய்த முதல் சீர்திருத்தம் அதை நிறுத்தியது. கோடு என்பது அளவை அலகு அல்ல. லாரி ஓட்டுநர் தரும் டிரிப் சீட்டைப் பார்த்து லிட்டரில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவர் கழியைத் தூக்கி எறியவில்லை. பதிவேட்டில் சீட்டைப் பார்த்து எழுதினார். தனக்காகக் கழியால் அளந்தார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு இருபது வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று காலை அவர் கழியும் கையுமாக என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், அஞ்சு ஊட்லதான் ஆளு கீது. பத்து கோடு எறங்கிகீது."

"சரி?"

"இன்னா சார் சரின்ற? இருவத்தஞ்சு ஊடு இருந்தா முப்பது எறங்குது. அஞ்சு ஊடு இருந்தா பத்து. இருவது ஊடு போனா இருவது கோடு கொறையுது. அப்போ ஊட்டுக்கு ஒரு கோடு. அஞ்சு ஊட்டுக்கு அஞ்சு போதும். மீதி அஞ்ச எவன் குடிக்கிறான்?"

எனக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. "எழுதிக் கொடுங்க, கமிட்டியில் வைக்கிறேன்" என்றேன்.

"எழுதுனா தண்ணி நிக்குமா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் தலைவர் எல்லா வீட்டுத் தண்ணீர் மீட்டரையும் கூட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர். லாரிச் சீட்டுப்படி வருவது பன்னிரண்டாயிரம். எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடம் என்றால் தண்ணீர் வேண்டும். லாரியில் இரண்டாயிரம் லிட்டரை மிச்சம் வைத்து எதிர்ப்பக்கம் விற்கிறார்கள், மோட்டாரம்மாவும் ஓட்டுநரும் கூட்டு என்று முடிவு கட்ட எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. நான்தான் குறுக்கிட்டேன். முறைப்படி விசாரணை நடத்தாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்றேன். அந்த வாசகத்தில் 'அனுப்ப' என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அறை. குற்றச்சாட்டை நானே வாசித்தேன். அவர் நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார்.

"ரெண்டாயிரம் லிட்டர் ஆவியாப் போயிருச்சுங்களா?" என்றார் தலைவர்.

"எல்லாரும் யோக்கியன்னு வெச்சுக்கோ சார்" என்று ஆரம்பித்தார் மோட்டாரம்மா. "லாரி ஃபுல்லு. நான் எடுக்கல. ஒங்க மீட்டரும் கரீட்டு. அப்பவும் ரெண்டாயிரம் லிட்டரு, அஞ்சு கோடு இடிக்குது. அப்போ அது யாரும் குடிக்காத தண்ணி. பூமிக்குள்ள எங்கியோ போவுது."

"எல்லாரும் திருடன்னு வெச்சுக்கிட்டா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"அப்டி வெச்சா ஒன்னியும்தான் நைனா சேக்கணும். கணக்கு இன்னும் பெருசா போவும்."

அந்தச் சிரிப்பு நின்றது. தலைவர் கேட்டார், "எங்கே போகுதுன்னு காட்டுங்க பார்க்கலாம்."

"ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு அவரு எல்லா ஊட்டு வால்வும் மூடு. மேல டேங்க்கு எறங்குதா பாரு. எறங்குனா நான் சொன்னது. எறங்கலன்னா நீ சொன்னது."

"ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி நேரம் தண்ணி இல்லாம இருபத்தஞ்சு குடும்பமா? நல்லா இருக்குதுங்க."

நான் பதிவேட்டைப் புரட்டினேன். தினமும் பன்னிரண்டாயிரம், தினமும் அவர் கையெழுத்து. "லாரி முழுசா வந்ததுக்கு இதுதான் ஆதாரமா?"

"ஆமா சார். சீட்டும் கீது, நோட்டும் கீது."

"சீட்டைப் பார்த்துத்தானே நோட்டில் எழுதினீங்க?"

"நீதான சார் அப்டி எழுத சொன்ன."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதான். ஒரே சேதியை ரெண்டு வாட்டி சொன்னா ரெண்டு சேதி ஆயிடுமா?"

அது அவருடைய வாசகம். படிக்கட்டில், மோட்டார் அறையில், எத்தனையோ முறை அவர் வாயிலிருந்து கேட்டது. அதை எடுத்து அவர் மேலேயே போட்டதும் அறையே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.

"கரீட்டு சார்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டுப் பொங்கலன்னிக்கு எடுத்த கணக்கு வேற சேதி. ஒன்னாண்ட வந்து சொன்னேனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சர்க்கரைப் பொங்கலின் வாசனை வரை எனக்கு ஞாபகம் இருந்தது. "பதிவில் இல்லை" என்றேன். பொய்யல்ல. பதிவில் இல்லைதான்.

என் அறிக்கை ஒன்றரைப் பக்கம். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. எனினும் நிர்வாகம் நம்பிக்கை இழந்துவிட்டது. அந்த 'எனினும்' என்ற சொல்லை நான் வாழ்க்கையில் எத்தனை முறை தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. மாதக் கடைசியில் அவர் சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தார். கழியை மோட்டார் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் குழுவில் யாரோ போட்டார்கள்: 'தண்ணி வித்த அம்மா அவுட்.' பக்கத்து அடுக்ககங்களின் குழுக்களுக்கும் அது போனது.

புதிய ஆள் வந்தார். இரண்டாயிரம் லிட்டர் தொடர்ந்து காணாமல் போயிற்று. அதைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டால் குற்றத்தின் மேல் ஆர்வம் போய்விடுகிறது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. என் பதவிக்காலம் டிசம்பரில் முடிந்தது. அடுத்த பொங்கலுக்கு வீடுகள் காலியானதும் கழியை எடுத்துக்கொண்டு சம்ப் மூடியைத் திறந்தேன். அன்றும் ஐந்து வீட்டில்தான் ஆள். மறுநாள் காலை பத்து கோடு இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரு வீட்டின் செலவு எக்ஸ், வீணாவது ஒய் என்று படிப்படியாக எழுதினேன். இருபத்தைந்து எக்ஸும் ஒய்யும் முப்பது. ஐந்து எக்ஸும் ஒய்யும் பத்து. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எக்ஸ் ஒன்று, ஒய் ஐந்து. எல்லாப் படியும் இருந்தது. முழு மதிப்பெண்.

அந்த வாரமே வால்வுகளை மூடிப் பார்க்கச் செய்தேன். மேல் தொட்டி இறங்கியது. தோண்டினோம். கட்டிக் கொடுத்தவர் விளம்பரத்தில் காட்டிய உடற்பயிற்சிக் கூடத்துக்காக ஒரு குழாய் போட்டிருந்தார். கூடம் கட்டப்படவில்லை, குழாயின் முனை மண்ணுக்குள் சாக்குத்துணி அடைத்துக் கிடந்தது. பக்கத்துக் காலி மனையில் கோடையிலும் கோரை பச்சைப் பசேலென்று நிற்பதை நாங்கள் எல்லோரும் பால்கனியிலிருந்து ரசித்திருக்கிறோம். சங்கம் அறிவிப்பு ஒட்டியது: 'நிலத்தடிக் குழாயில் கசிவு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.'

அதன் நகலோடு மோட்டாரம்மாவைத் தேடிப் போனேன். நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறிவிப்பை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அப்பால?" என்றார்.

"நீங்க சொன்னதுதான் சரி. கசிவு."

"பைப்பு ஒழுவுச்சுன்னு எழுதிகீது. நான் எடுக்கலன்னு எங்க எழுதிகீது?"

"அது இதிலிருந்தே தெரியுதே."

"தெர்ல சார். பைப்பும் ஒழுவலாம், நானும் வித்திருக்கலாம். ரெண்டு வேற வேற. நீ ஒண்ணுத்ததான் எழுதிகீற." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஸ்டேஷனாண்ட எம்பது ஊடு புச்சா கட்டிகினு கீறாங்க. மோட்டாரு, தண்ணி எல்லாத்துக்கும் ஒரு ஆளு ஓணுமாம். ஒண்ணாந்தேதி எடுக்கறாங்க. பழைய எடத்துல இன்னாத்துக்கு அனுப்ச்சாங்கன்னு கேட்டான். இன்னா சொல்லட்டும்?"

"நான் எழுதித் தருகிறேன்."

"நீ ஒரு ஆளு எழுதுனா ஒரு சேதி." அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அழைத்தார்கள். போய்விட்டார்.

தலைவரைப் பார்த்தேன். "குழாய் உடைஞ்சதுன்னு போட்டாச்சுங்களே, அதுலயே புரிஞ்சுக்குவாங்க. விடுங்க சார்" என்றார். புதிய செயலாளர், பழைய தீர்மானத்தைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார், அந்த விதியை எழுதியது நான். ஆகவே கையாலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்: 'மோட்டாரம்மா தண்ணீரை எடுக்கவில்லை, விற்கவில்லை. பொங்கலன்றே கசிவைப் பற்றி என்னிடம் சொன்னார். நான் மறைத்தேன்.' கீழே என் கையெழுத்து. காலை ஒன்பது மணிச் சுற்றில் காவலாளி அதைக் கிழித்துவிட்டார். முத்திரையில்லாத காகிதம் பலகையில் இருக்கக் கூடாது என்பது விதி நான்கு. அதுவும் என்னுடையதுதான். மறுநாள் மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார், மரியாதையாக, ஓரம் மடங்காமல், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இப்படி எட்டு நாள்.

இன்று காலை ஒன்பதாவதை ஒட்டிக்கொண்டிருந்தேன். நாளை ஒன்றாம் தேதி. லாரி ஓட்டுநர் குழாயைச் சம்ப்பில் போட்டுவிட்டு வந்து பின்னால் நின்று படித்தார். அதே ஓட்டுநர்தான். சங்கத்தால் மோட்டாரம்மாவை மாற்ற முடிந்தது. லாரியை மாற்ற முடியவில்லை.

"இன்னா சார் இது, இப்பதான் தெரிஞ்சுதா ஒனக்கு? அந்தம்மா தெனம் லாரி மேல ஏறும். டார்ச் அடிச்சு உள்ள பாக்கும். ஒரு கொடம் மிச்சம் இருந்தாலும் வண்டிய எடுக்க உடாது. அதால எத்தினி நாளு எனக்கு அடுத்த டிரிப்பு லேட்டுன்னு தெரியுமா?"

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கூப்ட்டியா?"

கூப்பிடவில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், நம் அதிகார வரம்புக்குள் வரமாட்டார் என்று ஒரு வரியில் தள்ளியிருந்தேன். சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்கூட இந்தத் தவறைச் செய்ததில்லை.

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடு பேனாவ."

என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார். லாரி மேல் ஏறியது, டார்ச், குடம் எல்லாம் வந்தது. ஒரு வரி கோணலாக ஏறி என் வரியின் மேல் இடித்தது. மணி எட்டு ஐம்பது. பலகையிலிருந்து காகிதத்தை நானே உரித்தேன். நகல் எடுக்கவில்லை, எண் போடவில்லை.

"நெமிலிச்சேரி தாண்டித்தான் கெணறு. ஏறு சார்" என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தண்ணீர் லாரியில் ஏறினேன். ஏறுவதற்குள் கால் இரண்டு தடவை வழுக்கியது. தினமும் இதற்கும் மேலே மோட்டாரம்மா ஏறியிருக்கிறார். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தேன், கசங்கும் என்று வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஆவடிப் பக்கம் நெரிசலில் லாரி நின்று நின்று போயிற்று. இரண்டு சேதியும் கையில் இருக்கிறது. அவர் படித்துவிட்டு நிமிர்ந்து "அப்பால?" என்று கேட்பார். சொல்வதற்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு இந்த நாட்டில் படிவம் கிடையாது. எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.